செவேராவின் வலது கை

வாங்க தம்பி, உள்ள வாங்க. மூக்கைப் பொத்திக்கணும்னா பொத்திக்கங்க, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன். புதுசா வர்ற எல்லாரும் பொத்தத்தான் செய்யறாங்க. கொஞ்ச நேரம் போனா பழகிரும். மத்தி மீனும் உப்பும்தான், வேற ஒண்ணுமில்ல. தொட்டியில போட்டு வெயில்ல வெச்சா தானா கரையும். கரைஞ்சு வடியிற சாறு இருக்கே, அது கப்பலேறி ரோமாபுரிக்குப் போகுது. அங்க பெரிய மனுஷங்க அதைச் சொட்டுச் சொட்டா விட்டுச் சாப்பிடறாங்க. இங்க மூக்கைப் பொத்தறது, அங்க சப்புக்கொட்டறது. சரி, அந்தப் பலகையில உட்காருங்க. ஈரமா இருந்தா துடைச்சுக்கங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு வாசல்ல பார்த்தப்பவே தெரிஞ்சு போச்சு. மீன்சாறு வாங்க வர்றவன் நேரா தொட்டியைப் பார்ப்பான். நீங்க என் முகத்தைப் பார்த்தீங்க. செவேராவோட புருஷன் எப்படி இருப்பான்னு பார்க்கறீங்க. பாருங்க, இப்படித்தான் இருப்பான். பேரு ரொகாட்டஸ். கார்த்தேஜ்ல உங்க சபையில அவ பேரை வாசிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். சாமிக்காக உயிரைக் குடுத்த வேதசாட்சின்னு சொல்றீங்களாம். சொல்லுங்க. எனக்கு அவ பொண்டாட்டி. ரொட்டி சுட்டா ஓரத்தைக் கருக்காம எடுக்கத் தெரியாது. அதையும் வாசிப்பீங்களா?

கோவிச்சுக்காதீங்க. யாரும் இதுவரைக்கும் என்கிட்ட வந்து கேட்டதில்ல. கேட்டதும் படபடன்னு வருது. ஒரே ஒரு நிபந்தனை. பாதியில எழுந்து போகக்கூடாது. எங்க ஊர்ல உங்க கூட்டத்தை நடத்தின மூப்பர் ஜெமெல்லஸ் இருந்தாரே, அவரைக் கொஞ்சம் திட்டுவேன். செத்துப் போனவரைத் திட்டக்கூடாதுதான். இருந்தாலும் திட்டுவேன்.

எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா. பல்லு முளைக்கிறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. அது மத்தி வர்ற பருவம். கரையில மீன் மலையாக் குவிஞ்சு கிடக்கு. அன்னைக்கே உப்புல போடலன்னா அத்தனையும் கடலுக்குத்தான் திரும்பப் போகணும். நான் என்ன செய்ய? புள்ளையைப் புதைச்சேன், நேரா தொட்டிக்கு வந்தேன். அழுதேன் தம்பி. அழுதுகிட்டேதான் உப்புப் போட்டேன். அந்தப் பருவம் முழுக்க வீட்டுக்குப் போனதே கொஞ்ச நேரம்தான். அப்ப எங்க தெருவில துணி வெளுக்கிற பொம்பளை ஒருத்தி, உங்க கூட்டத்துக்காரி, தினமும் வந்து செவேராகூட உட்கார்ந்திருப்பாளாம். பேசவும் மாட்டாளாம். சும்மா பக்கத்துல உட்கார்ந்திருப்பாளாம். மீன் பருவம் முடிஞ்சு நான் நிமிர்ந்து பார்க்கறப்ப என் பொண்டாட்டி கிறிஸ்தவச்சி ஆயிட்டா. ஒருத்தி பக்கத்துல வந்து உட்கார்ந்ததுக்காக மனுஷி சாமியை மாத்துவாளா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

நான் தடுக்கல. அதைக் குறிச்சுக்கங்க. வேற புருஷனா இருந்தா காலை உடைச்சிருப்பான். நான் "போ, போயிட்டு நேரத்துக்கு வந்துரு"ன்னேன். வாரத்துல ஒரு நாள் விடியக்காலம் எழுந்து போவா, பாட்டுப் பாடிட்டு வருவா. வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுப்பா. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது.

அப்புறம்தான் சக்கரவர்த்தி உத்தரவு வந்தது. உங்களுக்கு நான் சொல்லணுமா? ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் குன்று மேல இருக்கிற கோயிலுக்குப் போகணும். பலிபீடத்து நெருப்புல சாம்பிராணி போடணும். சக்கரவர்த்தி நல்லா இருக்கணும்னு சொல்லணும். போடாதவன் துரோகி. அவனைப் பிடிச்சு அடைப்பாங்க, அடுத்த திருவிழா வர்றப்ப அரங்கத்துல மிருகத்துக்குப் போடுவாங்க. ஒரு சிட்டிகை சாம்பிராணிக்கு!

வீட்டுல உட்கார வெச்சுப் பொறுமையாச் சொன்னேன். "செவேரா, எடுத்தியா, போட்டியா, வந்தியான்னு முடிஞ்சிரும். மனசுல நீ யாரை வேணும்னாலும் நினைச்சுக்க. மனசை எவன் வந்து பார்க்கப் போறான்?"

"முடியாதுங்க"ன்னா.

"ஏன் முடியாது? கைதானே போடுது?"

"கையும் என்னுதுதானேங்க."

இப்படிப் பேசினா என்னத்தைச் சொல்றது? கோபமாச் சொன்னாலாவது பதிலுக்குக் கத்தலாம். அவ மெதுவா, என்னமோ நான்தான் விவரம் புரியாதவன் மாதிரி சொல்றா. எனக்குப் பயம் வந்துருச்சு. வெளிப்படையாச் சொல்றேன் தம்பி, அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல. இவளை எப்படியாவது காப்பாத்தணும், வேற எதுவும் எனக்கு வேண்டாம்னு எங்க வீட்டுச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். உங்க சாமிகிட்டகூட ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு.

அவளும் ஒரு வழி சொல்லத்தான் செஞ்சா. "என் அண்ணன் ஊருக்குப் போயிடலாமா? நாம ரெண்டு பேரும்?" உள்நாட்டுல மலையடிவாரத்துல அவ அண்ணனுக்கு ஒலிவத்தோப்பு இருக்கு. ஒரு அதிகாரியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். உங்க ஆளுங்க நிறையப் பேர் அப்படித்தான் கிளம்பிப் போனாங்க. உங்க சபைக்கே தலைவர், ஆயரே போயிட்டாராம், ஓடி ஒளியறது பாவமில்லன்னு சொன்னாராம். ஆனா அது நல்ல கோடை. தொட்டியெல்லாம் ரொம்பிக் கிடக்கு. பாதி கரைஞ்ச மீனை அப்படியே போட்டுட்டு எவனாவது ஊருக்குப் போவானா? ஒரு நாள் கிளறாம விட்டா அடியில புழு வெச்சுரும். "மழைக்காலம் வரட்டும், வடிச்சு முடிச்சதும் போவோம்"னு சொன்னேன். "சரிங்க"ன்னா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. நிஜமாவே போகணும்னு இருந்திருந்தா இன்னொரு தடவை கேட்டிருப்பா இல்ல? நீங்களே சொல்லுங்க.

ஒவ்வொரு தெருவா முறை வெச்சுக் கூப்பிட்டாங்க. எங்க தெரு முறை வந்தது. "சும்மா வந்து என்கூட நில்லு, பூசாரி எனக்குத் தெரிஞ்சவர்தான், நான் பேசிக்கறேன்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். நம்பி வந்தா. நல்ல துணியா எடுத்து முக்காடு போட்டுக்கிட்டு வந்தா. வரிசை நீளம். வெயில் மண்டையைப் பொளக்குது. முன்னால போறவங்க எல்லாம் போடறாங்க, கையைத் தட்டிக்கிட்டுப் போயிட்டே இருக்காங்க. அதுல உங்க ஆளுங்களும் இருந்தாங்க தம்பி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. பேரெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

எங்க முறை வந்ததும் நான் போட்டேன். அடுத்து அவ. நிக்கிறா. வலது கையை மூடி வெச்சுக்கிட்டு நிக்கிறா. பூசாரி பார்க்கறார், அதிகாரி பார்க்கறார். பின்னால இருக்கிறவன் "என்னம்மா, சீக்கிரம்"ங்கறான். அதிகாரி பக்கத்துல நின்ன சிப்பாய் ஒரு அடி முன்னால வந்தான். நான் அவ பின்னால போய் நின்னேன். கையைப் பிடிச்சேன். மெதுவாத்தான் பிடிச்சேன். அவ விடல. அப்புறம் கொஞ்சம் பலமாப் பிடிச்சேன். ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன். மத்ததெல்லாம் பிரிஞ்சிருச்சு, சுண்டுவிரல் மட்டும் பிரிக்கப் பிரிக்க மடங்கிக்கிட்டே இருந்தது. சின்ன விரல். அதுக்கு அவ்வளவு பலம் எங்க இருந்து வந்ததுன்னு தெரியல. உள்ளங்கையில சாம்பிராணியை வெச்சேன். நெருப்புக்கு மேல கொண்டு போய்க் கவுத்தேன். உதறினேன்.

புகை வந்தது. அவ கத்தினா. "நான் போடல! நீங்க போட்டீங்க! எல்லாரும் பாருங்க, நான் போடல!"

எல்லாரும் பார்த்தாங்க. பார்த்துட்டுச் சிரிச்சாங்க. பூசாரியும் சிரிச்சுட்டார். "புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க. அடுத்த ஆள் வாங்க"ன்னார். அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. எனக்குக் காலே தரையில நிக்கல. இறங்கி வர்ற வழியெல்லாம் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அவ மணிக்கட்டு கன்னிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தடவி விட்டேன். எந்தப் புருஷன் தடவி விடுவான்?

திட்டுவா, அழுவா, ரெண்டு நாள்ல சரியாயிரும்னு பார்த்தேன். ஒண்ணும் திட்டல. வழக்கம் போல வீட்டைப் பெருக்கினா, கஞ்சி காய்ச்சினா. ஆனா ரொட்டியை மட்டும் இடது கையால எடுக்க ஆரம்பிச்சா. வலது கையை மடியில வெச்சுக்குவா, துணியைச் சுத்தி. "என்ன இது கூத்து"ன்னு கேட்டேன். துணியை இன்னும் இறுக்கிச் சுத்திக்கிட்டா. அப்புறம் இடது கையாலயும் எடுக்கறது குறைஞ்சு போச்சு. ஆள் இளைச்சுக்கிட்டே போனா.

இப்பதான் உங்க ஜெமெல்லஸ் வர்றார். செருப்புத் தைக்கிறவர், நல்ல மனுஷன், நானே அவர்கிட்டதான் செருப்பு வாங்குவேன். அவர் வீட்டுலதான் உங்க கூட்டம் கூடும். செவேரா போனா. வாசல்லயே நிறுத்திட்டார். சாம்பிராணி போட்டவங்க உள்ள வரக்கூடாதாம். வெளிய நின்னு அழணுமாம். ஆயர் திரும்பி வந்து முடிவு சொல்ற வரைக்கும் அப்படித்தானாம். அவளும் நிக்கிறா. இவளை மாதிரி இன்னும் கொஞ்சம் பேர் நிக்கிறாங்க. உள்ள பாட்டுப் பாடறாங்க, இவ வெளிய நின்னு வாயை மட்டும் அசைக்கிறா. தெருவில போறவன் வர்றவன் எல்லாம் பார்க்கறான். நேரா ஜெமெல்லஸ்கிட்ட போனேன்.

"மூப்பரே, அவ போடல. நான்தான் போட்டேன். ஊரே பார்த்தது."

"தெரியும்"னார்.

"தெரிஞ்சுமா வெளிய நிக்க வெச்சிருக்கீங்க?"

"வாசல்ல நிக்கிற எல்லாரும் அதைத்தான்யா சொல்றாங்க. புருஷன் பிடிச்சான், அப்பன் பிடிச்சான், எசமான் பிடிச்சான். சிலர் சொல்றது நிஜம், சிலர் சொல்றது பொய். நான் யாரை உள்ள விட, யாரை வெளிய நிறுத்த? ஆயர் வரட்டும்."

"அதுக்குள்ள அவ சோறு தண்ணி இல்லாமச் செத்துருவா மூப்பரே. தண்டனைன்னா எனக்குக் குடுங்க. அந்த வெயில்ல நான் நிக்கிறேன்."

அவர் ஊசியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தார். கண்ணு கலங்கி இருந்தது. "உங்களை நான் எப்படிங்க தண்டிக்கிறது? நீங்க எங்க ஆளே இல்லையே"ன்னார்.

இது நியாயமா? என் கை செஞ்சது, அவ கைக்குத் தண்டனை. என் கையைப் பத்திப் பேச அவருக்கு அதிகாரம் இல்லையாம். யோசிச்சுப் பாருங்க. உங்க வாசல்ல போய் நான் "அவ போடல, போடல"ன்னு கத்தணும். அதே வார்த்தை கோயில்காரன் காதுல விழுந்தா அவளை அன்னைக்கே பிடிச்சுட்டுப் போயிருவான். அங்க யாராவது கேட்டா "போட்டா சாமி, நல்லாவே போட்டா"ன்னு சொல்லணும். தெருவுக்கு ஒரு பேச்சா பேசிக்கிட்டு நாய் மாதிரி அலைஞ்சேன். தொழிலைக்கூட ஒழுங்கா கவனிக்கல. அந்த வருஷத்துச் சாறு கசந்து போச்சு.

மழைக்காலம் வர்றதுக்கு முன்னாலயே ஜெமெல்லஸைப் பிடிச்சுட்டாங்க. கூட இன்னும் சில பேர். அந்தத் துணி வெளுக்கிற பொம்பளையையும் பிடிச்சாங்க. சாம்பிராணி போடச் சொன்னா மாட்டேன்னுட்டாங்க. சக்கரவர்த்தி பிறந்தநாள் விழாவுல மிருகத்துக்குப் போடறதுன்னு தீர்ப்பு. செவேரா கேட்டதும் எழுந்தா, அடுப்பை மூட்டினா. "சிறைக்குச் சாப்பாடு கொண்டு போறேன்"னா. சரி போன்னு விட்டேன். அவதான் சாம்பிராணி போட்டவளாச்சே, காவக்காரன் ஒண்ணும் சந்தேகப்பட மாட்டான். பார்த்தீங்களா, நான் செஞ்சதுக்கு ஒரு பலன் இருந்தது. நானே நல்ல சாறா, கப்பலுக்குன்னு வெச்சிருந்ததுல இருந்து எடுத்து ஊத்திக் குடுத்தேன். ஜெமெல்லஸ் மேல கோபம்தான். ஆனா சிறையில கிடக்கிறவருக்கு வெறும் ரொட்டி எப்படி எறங்கும்?

ரொம்ப நாள் அப்படிப் போய் வந்தா. ஒரு நாள் மத்தியானம் திரும்பி வந்து என் எதிர்ல உட்கார்ந்தா. வலது கையால ரொட்டியை எடுத்தா. பிச்சா, சாறுல தொட்டா, சாப்பிட்டா. நான் அசையவே இல்ல. அசைஞ்சா நிறுத்திருவாளோன்னு பயம். "என்ன ஆச்சு"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"மூப்பர் கூப்பிட்டார். விலங்கோட கையை நீட்டி என் கையைப் பிடிச்சார். இந்தக் கையை. 'நான் உன்னை வாசல்ல நிறுத்தினேன், என்னை மன்னிச்சிரும்மா'ன்னார். கையில முத்தம் குடுத்தார். எல்லாரும் குடுத்தாங்க."

எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. சந்தோஷத்துல. அப்பாடா, என் பொண்டாட்டி எனக்குத் திரும்பிக் கிடைச்சுட்டான்னு நினைச்சேன். அன்னைக்கு அவ சிரிக்கக்கூடச் செஞ்சா. "ரொட்டி ஓரம் கருகிப் போச்சுங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா.

ஆனா இப்ப யோசிக்கறப்ப என்ன தோணுது தெரியுமா? அந்த ஜெமெல்லஸ்தான் எல்லாத்துக்கும் காரணம். அவர் பாட்டுக்கு அவளை வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தா அவ அழுதுகிட்டாவது உயிரோட இருந்திருப்பா. உள்ள சேர்த்துக்கிட்டார் பாருங்க, அதுலதான் போனா. வெளிய நிறுத்தினதும் தப்பு, உள்ள விட்டதும் தப்பு. அந்த மனுஷன் எதையும் உருப்படியாச் செய்யல.

விழா நாள் வந்தது. மீன்சாறு சங்கத்துக்கு அரங்கத்துல தனி வரிசை. நாங்க போகாம இருக்க முடியாது, காலியா இருந்தா ஆளுநர் கண்ணுக்குத் தெரியும். காலையில கிளம்பறப்ப செவேரா, "நானும் வரட்டுமா?"ன்னா. "நீ எதுக்கு அந்தக் கண்றாவியைப் பார்க்கணும்"னேன். "அவங்க வர்றப்ப தெரிஞ்ச முகம் ஒண்ணாவது இருக்கட்டுமே"ன்னா. சரி, நாலு பேர் அவளை அங்க பார்த்தாலும் நல்லதுதான், சந்தேகம் வராதுன்னு எனக்கும் பட்டது. வாசல் வரைக்கும் சேர்ந்து போனோம். நீங்க எங்க ஊர் அரங்கத்தைப் பார்த்திருக்கீங்களா? பொம்பளைங்களுக்கு உச்சியில, கடைசி வரிசையில, மரப்பலகை. அதுக்குப் படிக்கட்டே வேற. ஆம்பளைங்க வழியா அங்க போகவே முடியாது, இடையில பெரிய சுவர். பொம்பளைங்க படிக்கட்டுல அவ ஏறினா. பாதி ஏறினதும் திரும்பி என்னைப் பார்த்தா. "வெயிலா இருக்கும், தலையை மூடிக்க"ன்னு நான் சொன்னேன். வேற என்ன சொல்லணும்னு எனக்கு எப்படித் தெரியும்?

காலையில மிருக வேட்டை நடந்தது. மான், காட்டுப்பன்றி, அப்படி. சங்கத்துத் தலைவர் பாஸஸ் என் பக்கத்துல உட்கார்ந்து வறுத்த கொண்டைக்கடலை தின்னுக்கிட்டிருந்தார், எனக்கும் குடுத்தார். உச்சிப்பொழுதுல ஜெமெல்லஸையும் மத்தவங்களையும் கொண்டு வந்தாங்க. சங்கிலியோட மணல்ல சுத்தி நடக்க விட்டாங்க. துணி வெளுக்கிற பொம்பளைதான் முன்னால நடந்தா. கூட்டம் ஓன்னு கத்தினது. கத்தி ஓஞ்சு, ஊதுகொம்பு ஊதறதுக்கு முன்னால ஒரு சின்ன அமைதி வரும். அப்பதான் மேல இருந்து ஒரு குரல்.

"நானும் இவங்க ஆளுதான்! என் கையைப் பிடிச்சுப் போட வெச்சாங்க! நான் போடல!"

பாஸஸ் கடலை மெல்றதை நிறுத்தினார். "ரொகாட்டஸ், உன் வீட்டுக்காரி குரல் மாதிரி இருக்கே?"

"இருக்காது"ன்னேன். அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். யாரோ பைத்தியக்காரின்னு நினைச்சு விட்டுருவாங்கன்னு ஒரு நப்பாசை. அவ விடல. திரும்பத் திரும்பச் சொல்றா. பேரைச் சொல்றா, தெருவைச் சொல்றா. நான் எழுந்தேன். உட்கார்ந்திருந்தவங்க கால்களை மிதிச்சுக்கிட்டு, கெட்ட வார்த்தை வாங்கிக்கிட்டு, பொம்பளைங்க படிக்கட்டுக்குப் போக வெளிவாசலுக்கு ஓடினேன். கதவு பூட்டி இருக்கு. காவக்காரன் நிக்கிறான்.

"திறங்கய்யா, நான் மேல போகணும்."

"மிருகம் அவுத்து விடற நேரத்துல எந்தக் கதவும் திறக்கறதில்ல. அதோட மேல பொம்பளைங்க இடம். ஆம்பளைங்க போகக்கூடாது, சட்டம்."

"என் பொண்டாட்டி மேல இருக்காய்யா!"

"எல்லாருக்கும்தான்யா மேல பொண்டாட்டி இருக்கா. போய் உட்காரு."

கெஞ்சினேன். காலைப் பிடிச்சேன். அவன் கெட்டவன் இல்ல, என்னைத் தூக்கி நிறுத்தி, மேல ஒட்டின தூசியைத் தட்டிக்கூட விட்டான். கதவை மட்டும் திறக்கல. திரும்பி ஓடி வந்தேன். எங்க வரிசைக்குப் போக முடியல, நடுவுல ஒரு கம்பித் தடுப்பு, அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள அவளைப் பொம்பளைங்க படிக்கட்டு வழியாக் கீழ கொண்டு வந்துட்டாங்க. ஆளுநர் மேடைக்கு முன்னால நிறுத்தியிருந்தாங்க. அங்க ஒரு சின்ன பலிபீடம் எப்பவும் இருக்கும், நெருப்போட. பக்கத்துல சாம்பிராணிப் பெட்டி.

ஆளுநர் வயசானவர். விழா நடுவுல இது என்ன தொல்லைங்கற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் பேசினது எனக்குக் கேட்கல, அறிவிக்கிறவன் உரக்கத் திருப்பிச் சொன்னான். "ஆளுநர் இரக்கப்படுகிறார்! அந்தப் பெண் இப்போது ஒரு சிட்டிகை போட்டால் போதும்! மேலே போய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்!" கூட்டம் கை தட்டினது. போடு செவேரா, போடு செவேரான்னு வாய்க்குள்ளயே சொல்றேன்.

பெட்டியைத் திறந்து அவ முன்னால நீட்டினாங்க. அவ ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் வலது கையை நீட்டினா. நீட்டினாளா, எனக்கு உயிரே வந்துருச்சு. அவ மூடியைப் பிடிச்சு, மெதுவா, சத்தம் வராம மூடினா. அடுப்படியில உப்பு ஜாடியை மூடுவாளே, அப்படி. மூடிட்டுக் கையை எடுத்துக்கிட்டா.

அந்த இடத்துல நான் இல்லாமப் போயிட்டேன் தம்பி. பக்கத்துல இருந்திருந்தா இன்னொரு தடவை பிடிச்சிருப்பேன்.

ஆளுநர் கையை அசைச்சார். அவளை மணலுக்குக் கொண்டு போய் அவங்களோட சேர்த்தாங்க. ஜெமெல்லஸ் நகர்ந்து இடம் விட்டார். துணி வெளுக்கிற பொம்பளை வந்து இவ பக்கத்துல நின்னா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. கூண்டுப் பக்கம் சங்கிலி இழுக்கற சத்தம் கேட்டது. அவ எல்லாரையும் பார்த்துக்கிட்டு நின்னா. நான் எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. எங்க சங்கத்து வரிசையைத் தேடினா, அங்க நான் இல்ல. இந்தப் பக்கம் கம்பியில தொங்கிக்கிட்டு நிக்கிறேன். நான் இருக்கேன், ஓடிப் போகல, இங்கதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும். வேற எதுவும் செய்ய முடியல, அதையாவது செய்யணும். அதனால கூப்பிட்டேன். "செவேரா!"ன்னு கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "செவேரா! செவேரா!"

எனக்கு முன்னால ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், தோல் பதனிடறவன், குடிச்சிருந்தான். திரும்பிப் பார்த்துச் சிரிச்சான். "அவ பேரு செவேராவா?"ன்னான். அவனும் கத்தினான், "செவேரா!" பக்கத்துல இருந்தவங்க சேர்ந்துக்கிட்டாங்க. வாள்வீச்சுக்காரன் பேரைச் சொல்லிக் கத்துவாங்களே, அதே தாளம். காலைத் தரையில தட்டித் தட்டி. செ-வே-ரா. செ-வே-ரா. அடுத்த வரிசை, அதுக்கடுத்த வரிசை. எதிர்ப்பக்கம் போச்சு. மேல பொம்பளைங்க பலகைக்குப் போச்சு. அரங்கம் முழுக்க அதிருது. உங்க ஆளுங்க இதை ஏதோ அதிசயம்னு சொல்லிக்கறாங்களாம், பகைவங்ககூட அவ பேரைச் சொல்லிப் புகழ்ந்தாங்கன்னு. அதிசயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் என் பொண்டாட்டியைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அவ திரும்பினா. முதல்ல என் குரல் வந்த பக்கம்தான் திரும்பினா, அதை நான் சத்தியம் பண்ணுவேன். அதுக்குள்ள எல்லாப் பக்கத்துல இருந்தும் அவ பேரு வருது. இந்தப் பக்கம் பார்க்கறா, அந்தப் பக்கம் பார்க்கறா. சுத்திச் சுத்திப் பார்க்கறா. அத்தனை வாயும் அவ பேரையே சொல்லுது, அதுல எது என் வாய்னு அவ எப்படிக் கண்டுபிடிப்பா? கூண்டுக் கதவு தூக்கறதை அவ பார்க்கவே இல்ல. என்னைத்தான் தேடிக்கிட்டிருந்தா.

நான் வாயை மூடிக்கிட்டேன் தம்பி. நான் நிறுத்தினா அவங்களும் நிறுத்திருவாங்கன்னு நினைச்சேன்.